எது முதலில் கண்ணில் பட வேண்டும்?

அத்தியாயம் பதினொன்று

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் இரண்டுதான் மேசைக்கு வந்தன. ஒன்றை மருமகள் சுரைனியின் முன்னால் வைத்தார், வீட்டில் எல்லாரும் மாக் என்று கூப்பிடும் அம்மா. இன்னொன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எனக்கு?” என்று கேட்டான் மகன் ஃபக்ருல்.

“உனக்கு உன் கம்பெனி கம்ப்யூட்டர் போடும். போய் அதுகிட்ட கேளு.”

“மாக், காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. இன்னிக்கு விசாரணை.”

“தெரியும்டா. யாரை விசாரிக்கிறாங்க? என் மகளை. யாரு கொடுத்த காகிதத்தை வச்சு விசாரிக்கிறாங்க? என் மகன் கொடுத்த காகிதத்தை வச்சு. ரொம்ப நல்லா இருக்கு நம்ம குடும்பம்!”

ஃபக்ருல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். சுரைனி பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

மாக் குரலைத் தாழ்த்தினார். “சூ, நீ சொல்லு. அவ தப்புப் பண்ணாளா?”

“தெரியல, மாக்.”

அது பொய். எட்டு நாளாக அவளுக்குத் தெரியும்.

போன வாரம் புதன்கிழமை, நடுப்பகலுக்குச் சற்று முன், பினாங்கின் ஒரு தனியார் மருத்துவமனையில் அஸ்மான் என்ற பள்ளி வேன் ஓட்டுநரின் இதயம் நின்றது. எப்படியோ மீட்டுவிட்டார்கள். ஆனால் இன்னும் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கிடக்கிறார். அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. அந்தப் பரிசோதனை முடிவு 11:38 மணிக்கே லேப் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது. வார்டுக்கு யாரும் போன் செய்யவில்லை.

அப்போது லேப் பெஞ்சில், அந்தத் திரைக்கு முன்னால் இருந்தவள் வர்தினா, ஃபக்ருலின் தங்கை, வீட்டில் டினா. அந்த லேபில் ஓடுகிற சாப்ட்வேர் ஃபக்ருலின் கம்பெனி செய்தது. திரையை வரைந்தவள் சுரைனி.

யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்ற பதிவை மருத்துவமனை கேட்டது. ஃபக்ருல் எடுத்துக் கொடுத்தான். ‘11:46, வர்தினா, அனைத்தும் பார்த்தாயிற்று.’ முடிவைப் பார்த்தும் சும்மா இருந்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் அவள் துணிகளை ஒரு பெட்டியில் திணித்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

காரில் ஏறியதும் ஃபக்ருல் ஏசியைக் கூட்டினான். பாயான் லெப்பாஸ் சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன.

“நீ ஒண்ணும் அதிகமாப் பேச வேண்டாம்,” என்றான். “கேட்டா மட்டும் சொல்லு. ஆஸ்பத்திரிக்காரங்க கையெழுத்துப் போட்ட மாதிரியேதான் திரை இருக்குன்னு. அது உண்மைதானே?”

“நான் முதல்ல வரைஞ்சதைப் பத்திக் கேட்டா?”

“யாரு கேப்பா? அது யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.”

“சூ, இது ஆபீஸ்ல பதினோரு பேரோட குடும்பம். திரையில தப்புன்னு நம்ம வாயாலே சொன்னா நாளைக்கே கம்பெனிக்குப் பூட்டு. டினாவுக்கு என்ன வரப்போகுது? ஒரு எச்சரிக்கைக் கடிதம். லேப் தலைவர் எஞ்சேக் ரம்லியே என்கிட்ட சொன்னாரு. ரெண்டு வாரத்துல எல்லாம் மறந்துடும்.”

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால்தான் சுரைனிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் வரைந்த முதல் திரை அப்படியே மனதில் இருந்தது. வெள்ளைத் தரை, சாம்பல் எழுத்து. ஒரு மணி நேரத்தில் இருநூறு முடிவுகள் வந்து விழும் இடம் அது. மனிதக் கண் முதலில் பெரியதைப் பார்க்கும், பிறகு நிறத்தில் தனித்து நிற்பதைப் பார்க்கும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். அதனால் சிவப்பை ஒரே ஒரு காரியத்துக்கு வைத்திருந்தாள். உயிர் போகும் முடிவு மட்டும் சிவப்பு. அதுவும் திரையின் உச்சியில், இரண்டு மடங்கு எழுத்தில். வார்டில் யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதும் வரை அந்த வரி இடத்தை விட்டு நகராது. கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்பதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போதும் என்று விட்டிருந்தாள்.

மருத்துவமனை நிர்வாகத்தார் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். “என்ன இது, சாவு அறிவிப்பு மாதிரி இருக்கு? கலர் எங்கே?” என்று கேட்டார் ஒருவர். இன்று எத்தனை பரிசோதனை, எந்தப் பிரிவில் எவ்வளவு என்று வண்ண வட்டங்கள் வேண்டும் என்றார்கள். வருகிற விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

ஃபக்ருல் சரி என்றான். சுரைனியும் சரி என்றாள். ஒரே வாரத்தில் மாற்றிக் கொடுத்தாள். திரையின் மேல் பகுதியை வண்ண வட்டங்கள் பிடித்துக்கொண்டன. எல்லை தாண்டிய எல்லா முடிவும், ஒரு புள்ளி தாண்டினாலும், ஒரே சிவப்பு ஆனது. புதிய வரி வர வர பழையது கீழே இறங்கி மறைந்தது. ஒவ்வொரு வரியாக அழுத்தினால் நேரம் ஆகிறது என்று குறை வந்தபோது, ‘அனைத்தும் பார்த்தாயிற்று’ என்று ஒரு பட்டன் வைத்தாள். திரையில் அதுதான் பெரியது. பளிச்சென்ற நீலம்.

அந்தப் பட்டனை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அது அவளே யோசித்து வைத்தது. அன்று அதைப் பெருமையாகக்கூட நினைத்தாள்.

மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டு ஃபக்ருல் காரை நிறுத்தப் போனான். விசாரணைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீள நாற்காலியில் சாம்பல் நிறத் தூடோங் முக்காடு அணிந்து வர்தினா உட்கார்ந்திருந்தாள். எட்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

“வாங்க காக் சூ. எங்க அபாங்? இன்னொரு காகிதம் எடுக்கப் போயிருக்காரா?” அண்ணியைக் ‘காக்’, அண்ணனை ‘அபாங்’ என்பது அவள் வழக்கம்; சுரைனியும் கணவனை அபாங் என்றே கூப்பிடுவாள்.

“கார் நிறுத்தப் போயிருக்காரு. சாப்பிட்டியா?”

“என்னை விடுங்க.” வர்தினா எதிர் வரிசையைக் கண்ணால் காட்டினாள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து ஏதோ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். “அஸ்மான் மனைவி. தினமும் எனக்கு சலாம் சொல்றாங்க. நேத்து சாப்பிட்டுக்கிட்டிருந்த கரிபாப் பலகாரத்துல பாதி கொடுத்தாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது.”

சுரைனி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டினா, எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும்னு உங்க அபாங் சொல்றாரு.”

வர்தினா கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். இரண்டாவது பத்தியில் இருந்தது. கவனக்குறைவு உறுதியானால் அவளுடைய தொழில் உரிமத்தை ரத்து செய்யும்படி பதிவுக் குழுவுக்குப் பரிந்துரைக்கப்படும். கீழே கையெழுத்து, லேப் தலைவர் ரம்லி.

“இது எச்சரிக்கையா?” என்றாள் வர்தினா. “இதுக்கப்புறம் எந்த ஊர் லேப்லயும் என்னை டியூப் கழுவக்கூட விட மாட்டாங்க. அபாங்குக்கு இது தெரியாது. தெரிஞ்சுக்கவும் கேக்கல.”

சுரைனி தாளை மடித்தாள். மடிப்பு சரியாக விழவில்லை.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு டினா? நான் உன்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல.”

“இப்பவாவது கேட்டீங்களே.” வர்தினா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “பதினோரு மணிக்கு மேல வெளிநோயாளி ரத்தமெல்லாம் மொத்தமா வரும். திரை பூரா சிவப்பு. கொழுப்பு சிவப்பு. யூரிக் ஆசிட் ஒரு புள்ளி கூட, அதுவும் சிவப்பு. சிவப்புக்கு ஒரு மணி அடிக்கும், வந்த ரெண்டாவது வாரமே அதை நிறுத்திட்டோம், காது போயிடும். நீலப் பட்டனை அமுக்கலன்னா பழசெல்லாம் கீழே குவிஞ்சுக்கிட்டே போகும். அதனால எல்லாரும் அதை அமுக்குவோம். கண்ணாடி துடைக்கிற மாதிரி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நான் அந்தப் பொட்டாசியம் 7.2ஐப் பார்த்தேனான்னு கேட்டா, சத்தியமா எனக்கே தெரியாது, காக் சூ. என் கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க எங்க லேபுக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க?”

“ஒரு தடவை.”

“எப்ப?”

“திறப்பு விழாவுக்கு.”

“ஆமா. கேக் வெட்டினாங்க,” என்றாள் வர்தினா.

விசாரணை அறை நான்காவது மாடியில் இருந்தது. மேசையின் தலைப்பக்கம் மருத்துவ இயக்குநர் டாக்டர் கூ. வெள்ளை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவர், ஒரு வார்த்தையை வீணாக்காதவர். பக்கத்தில் ரம்லி, கழுத்தில் அடையாள அட்டையோடு, அவசர அவசரமாக லேபிலிருந்து ஏறி வந்த மூச்சோடு. வர்தினாவை நிறுத்தியதிலிருந்து அவள் பெஞ்சையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார். இந்தப் பக்கம் ஃபக்ருல், சுரைனி. வர்தினா கதவோரம் தனி நாற்காலியில்.

ரம்லி அறிக்கையை வாசித்தார். ஃபக்ருலிடம் பதிவு சரியானதுதானா என்று கேட்டார்கள். சரியானதுதான் என்றான். தங்கை இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

“புவான் சுரைனி,” என்றார் டாக்டர் கூ. “திரையை வரைஞ்சது நீங்க. ஏதாவது சொல்லணுமா?”

மேசைக்கு அடியில் ஃபக்ருலின் முழங்கால் அவள் முழங்காலை இடித்தது.

“இருக்கு, டாக்டர்.”

“சூ,” என்றான் ஃபக்ருல், மெதுவாக.

“அன்னிக்கு வர்தினா எதையும் ஒதுக்கல. என் திரை அவ கண்ணுல இருந்து அதை ஒளிச்சு வச்சிருக்கு. உயிர் போற முடிவுக்கும், கொழுப்பு கொஞ்சம் கூடினதுக்கும் ஒரே சிவப்பு, ஒரே எழுத்து. நல்ல இடத்தையெல்லாம் வண்ண வட்டத்துக்குக் கொடுத்துட்டேன். எல்லாத்துக்கும் மேல ஒரு பட்டன் வச்சேன். பார்க்காமலே பார்த்தேன்னு சொல்ற பட்டன். இதுக்கு முன்னாடி வேற மாதிரி ஒண்ணு வரைஞ்சேன். அது சரியா இருந்துச்சு. அழகா இல்லைன்னு சொன்னாங்க, நானும் வாயை மூடிக்கிட்டு மாத்திட்டேன்.”

“டாக்டர், என் மனைவி குடும்ப விஷயம்கிறதால கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு…”

“நான் அழல, அபாங். பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ரம்லி பேனாவை மேசையில் வைத்தார். “பத்து மாசமா இதே திரையிலதான் நாங்க எல்லாரும் வேலை செய்யறோம், புவான். கவனமாப் பார்க்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். இப்ப வந்து திரை மேல பழி போட்டா எப்படி?”

“அப்ப பார்த்துடலாம்,” என்றார் டாக்டர் கூ. “இங்கேயே போடுங்க.”

ரம்லி மடிக்கணினியைச் சுவர்த்திரையோடு இணைத்தார். லேபின் திரை சுவர் முழுக்க விரிந்தது. மேலே ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாக வண்ண வட்டங்கள். கீழே வரிகள், சிவப்பும் சிவப்பும் சிவப்புமாக.

சுரைனி இதை எப்போதும் தன் ஆபீஸ் மேசையில் பொய்ப் பெயர்களோடு, பத்து வரிகளோடுதான் பார்த்திருக்கிறாள். இது ஓடிக்கொண்டே இருந்தது.

“டாக்டர், இன்னிக்குக் காலையிலேர்ந்து வந்ததுல உடனே வார்டுக்குப் போன் பண்ண வேண்டியது ஏதாவது இருக்கான்னு தேடுங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கலாம். அவ்வளவுதான்.”

“தேடவே வேண்டாம்,” என்றார் ரம்லி. “ஒண்ணும் இல்ல. இப்பத்தான் நானே எல்லாத்தையும் பார்த்துட்டு மேல வந்தேன்.”

இருந்தாலும் டாக்டர் கூ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவரருகே போனார். ரம்லி பட்டியலை மெல்ல நகர்த்தினார். டாக்டர் ஒரு வரியில் விரலை வைத்தார், எடுத்தார். இன்னொன்றில் வைத்தார். அது கொழுப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“நிறுத்துங்க.”

சொன்னது வர்தினா. எழுந்து நின்றிருந்தாள்.

“கொஞ்சம் மேல போங்க. இன்னும். அங்க. எஞ்சேக் ரம்லி, அந்தக் குளுக்கோஸ்.”

வார்டு ஐந்து, படுக்கை பன்னிரண்டு. இரத்தச் சர்க்கரை 1.6. நாலுக்குக் கீழே போகக் கூடாதது. அதற்கு மேலே ஒரு சிவப்பு, கீழே ஒரு சிவப்பு, எல்லாம் ஒரே அளவு. முடிவு வந்த நேரம் 10:19. சுவர்க் கடிகாரத்தில் 10:47.

வரியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை டாக்டர் கூ வாய்விட்டுப் படித்தார். “பார்த்தாயிற்று. 10:24. ரம்லி.”

அதற்குள் வர்தினா மேசைமேல் இருந்த போனை எடுத்துவிட்டாள். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவள் என்பது அவளுக்கும் நினைவில் இல்லை, யாருக்கும் நினைவில் இல்லை.

“வார்டு அஞ்சா? லேப்ல இருந்து வர்தினா. படுக்கை பன்னெண்டு, சர்க்கரை ஒண்ணு புள்ளி ஆறு. திருப்பிச் சொல்லுங்க… ஆமா, ஒண்ணு புள்ளி ஆறு… இல்லம்மா, அவங்க தூங்கல! எழுப்பிப் பாருங்க. எழுப்புங்க முதல்ல!”

டாக்டர் கூ கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓடுவார் என்று சுரைனி எதிர்பார்க்கவில்லை.

பிறகு அந்த அறையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். யாரும் திரையை அணைக்கவில்லை. புதிய வரிகள் வந்து வந்து, 1.6 கீழே இறங்கி மறைந்தது.

ரம்லி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“நான் பார்த்தேன்,” என்றார் யாருக்கும் இல்லாமல். “பார்த்த மாதிரிதான் இருந்துச்சு.”

சுரைனி வர்தினாவைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது கொட்டுவாள், கொட்டட்டும் என்று நினைத்தாள்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எஞ்சேக்,” என்றாள் வர்தினா. போனில் இருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

சுரைனி அந்த மடித்த தாளை ஃபக்ருலின் முன்னால் வைத்தாள். “ரெண்டாவது பத்தி,” என்றாள்.

அவன் படித்தான். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

பதினோரு நிமிடம் கழித்து டாக்டர் கூ திரும்பி வந்தார். வெள்ளை அங்கியின் கையில் ஏதோ சிந்தியிருந்தது.

“முழிச்சுட்டாங்க. முழிச்சதும் ‘என்னடி கன்னத்துல அறையறே’ன்னு நர்ஸைப் பிடிச்சுத் திட்டினாங்க. அவ்வளவு நல்ல திட்டு நான் இந்த வருஷம் கேக்கல.” நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா திட்டியிருக்க மாட்டாங்க.”

ரம்லி எழுந்து நின்றார். “டாக்டர், என் அறிக்கையை…”

“உட்காருங்க. உங்களை அப்புறம் பார்த்துக்கலாம்.” அவர் வர்தினாவைப் பார்த்தார். “உங்க கடிதத்தை நான் கிழிக்கல. அஸ்மான் இன்னும் மேல படுத்திருக்காரு, அவர் வீட்டுக்கு நான் பதில் சொல்லணும். ஆனா இது இங்கேயிருந்து வெளியே போகாது, நான் முழுசாத் தெரிஞ்சுக்கிற வரைக்கும். இப்ப கீழே போய்ப் பெஞ்சுல உட்காருங்க. பக்கத்துல இன்னொருத்தர் உட்காரட்டும். வர்ற ஒவ்வொரு வரியையும் ரெண்டு பேரும் வாய்விட்டுப் படிங்க.”

வர்தினா தலையசைத்தாள். அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க,” என்று சுரைனியிடம் திரும்பினார் டாக்டர். “எவ்வளவு நேரம் ஆகும்?”

“அந்தப் பட்டனை இப்பவே எடுத்துடறேன். வண்ண வட்டத்தையும். ஆபத்து மட்டும் சிவப்பா, மேலேயே நிக்கிற மாதிரி பண்ண ரெண்டு மணி நேரம் வேணும். எந்த அளவு ஆபத்துன்னு வர்தினா சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் லேப்லயே உட்காருறேன், ஒரு வாரம். போன வருஷமே உட்கார்ந்திருக்கணும்.”

“கையெழுத்து இல்லாம மாத்தினா ஒப்பந்தப்படி…” என்று ஆரம்பித்தான் ஃபக்ருல்.

“கையெழுத்து நான் போடறேன்,” என்றார் டாக்டர் கூ.

சுரைனி தன் மடிக்கணினியைத் திறந்தாள். சாப்ட்வேர் நிறுவியிருக்கும் இடங்களை மாற்றி அமைக்கிற பக்கத்துக்கு அவள் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அது ஃபக்ருலின் வேலை. கடவுச்சொல்லைத் தட்டினாள். பக்கம் திறந்தது.

ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன.

முதலாவது இந்த மருத்துவமனை. இரண்டாவது தைப்பிங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையம். இருபத்திரண்டு நாளாக இயங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் போனவர்கள் மட்டும் வருகிற இடம். வருகிற ஒவ்வொருவருக்கும் பொட்டாசியம் ஏறக்கூடிய இடம்.

இங்கே சரியாக ஓடட்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த ஊர் என்று ஃபக்ருல் அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறான்!

“அபாங். இது என்ன?”

ஃபக்ருல் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“அது சும்மா சோதனைக்கு, சூ. அவங்கதான் அவசரப்படுத்தினாங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன்…”

“நிஜ நோயாளிங்களா?”

அவன் டாக்டர் கூவைத் திரும்பிப் பார்த்தான்.

“அபாங், நிஜ நோயாளிங்களா?”

“ஆமா.”

டாக்டர் கூ கதவருகே நின்றுவிட்டார். கீழே போகக் கிளம்பிய வர்தினாவும் நின்றாள்.

சுரைனி அந்த வரியைத் திறந்தாள். அதே வட்டங்கள், அதே சிவப்பு. ‘இன்று காலை 7 முதல்: 183 முடிவுகள். அனைத்தும் பார்த்தாயிற்று.’

“இப்ப அங்க பெஞ்சுல யாரு இருக்காங்க?”

“எனக்குத் தெரியாது, சூ,” என்றான் ஃபக்ருல். கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். “சத்தியமாத் தெரியாது.”

“நம்பர் கொடுங்க.”

அவன் போனில் எண்ணைத் தேடி எடுத்து நீட்டினான். அவள் அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

ஃபக்ருல் அவளிடமிருந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். பட்டியலை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். கண்கள் ஓடின, எதிலும் நிற்கத் தெரியவில்லை. அவன் விற்ற திரை அது. அவனால் அதைப் படிக்க முடியவில்லை.

எட்டு நாளில் முதல் முறையாகத் தங்கையின் பக்கம் தலையைத் திருப்பினான்.

“டினா,” என்றான். “கொஞ்சம் வந்து பார்க்கிறியா?”

வர்தினா அசையவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுரைனியின் காதில் தைப்பிங்கின் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு வர்தினா ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“பேரு வேண்டாம்,” என்றாள். “பொட்டாசியத்தை மட்டும் படிங்க. மேலேயிருந்து. ஒண்ணு விடாம.”

ஃபக்ருல் முதல் வரியில் விரலை வைத்தான். படிக்க ஆரம்பித்தான்.